எண் வேறு, ஆள் வேறு: அடையாளத் திருட்டும் தற்காப்பும்

மும்பை மாநகரின் கிழக்குப் பகுதியில், செம்பூருக்கும் டிராம்பேக்கும் இடையே அமைந்துள்ள அணுசக்தி நகர், அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக உருவாக்கப்பட்ட குடியிருப்பு ஆகும். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் பல மாநிலங்களிலிருந்து வந்து இங்கே குடும்பத்துடன் வாழ்கின்றனர். அவர்களுள் தமிழரும் உண்டு. இந்நகரின் வாயிலில் காவலர் நிற்பார். உள்ளே செல்ல விரும்புபவர் தம் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையில் உள்ள படமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றுதானா என்று காவலர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

இந்நகரில் வாழும் ஒருவரின் வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், வரிக் கணக்கு, கைபேசி இணைப்பு ஆகியவற்றுக்கும் வாயில்கள் உண்டு. ஆனால் அவ்வாயில்கள் பலவற்றில் முகத்தைப் பார்ப்பவர் எவரும் இல்லை. சில எண்கள் கேட்கப்படுகின்றன. எண்களைச் சரியாகச் சொல்பவரே உரியவர் என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஒருவரைக் குறிக்கும் எண்ணை அறிந்திருப்பது வேறு, அவராகவே இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் இடத்தில்தான் அடையாளத் திருட்டு என்னும் குற்றம் நுழைகிறது. தற்காப்பு முறைகள் அனைத்தும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறப்பவையே.

இக்குற்றத்தின் சுமை பண இழப்போடு முடிவதில்லை. தம் பெயரில் எவரோ வாங்கிய கடனுக்காக ஒருவரைத் தேடி வசூலிப்பவர் வருகிறார். தாம் அறியாத நிறுவனத்தின் பேரில் வரித்துறையின் அறிவிப்பு வருகிறது. அவ்வேளையில் தாம் அந்தக் கடனை வாங்கவில்லை, அந்த நிறுவனத்தை நடத்தவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு இழந்தவர் மீதே விழுகிறது. சைபர் மோசடிகளால் மக்கள் இழந்ததாகப் பதிவான தொகை 2023ஆம் ஆண்டில் 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடி ரூபாயாக உயர்ந்தது என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. இவை யாவும் அடையாளத் திருட்டு அல்ல. எனினும் பிறர் பெயரில் பெற்ற சிம் அட்டையும், பிறர் பெயரில் திறந்த கணக்கும் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கருவிகளாக உதவுகின்றன.

பழைய குற்றம், புதிய கருவி

ஆள்மாறாட்டம் புதிய குற்றமன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலைத் தனிக் குற்றமாக வகுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவு, இதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வகை செய்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2009 அக்டோபர் 27ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, 66சி என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பிறரது மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் அல்லது தனித்த அடையாளக் கூறு எதனையும் நேர்மையற்ற முறையில் பயன்படுத்துபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இப்பிரிவு இடமளிக்கிறது.

எண்ணை ஆளாக மயங்குவதால் விளையும் குழப்பத்துக்கு அமெரிக்க நாட்டின் நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்று. 1938இல் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் நகரிலிருந்த பணப்பை உற்பத்தி நிறுவனம் ஒன்று, தன் பைகளில் சமூகப் பாதுகாப்பு அட்டையை வைத்துக்கொள்ளலாம் என்று காட்டுவதற்காக மாதிரி அட்டை ஒன்றை ஒவ்வொரு பையிலும் செருகி விற்றது. அந்த மாதிரியில் அச்சிடப்பட்டது அங்கே பணிபுரிந்த செயலாளர் ஒருவரின் உண்மையான எண். அட்டை அளவில் சிறியது. மாதிரி என்ற சொல்லும் அதில் இருந்தது. இருந்தும் பை வாங்கிய பலர் அதையே தம் எண்ணாகப் பயன்படுத்தினர். 1943இல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்தியதாகவும், காலப்போக்கில் அத்தொகை 40,000ஐத் தாண்டியதாகவும் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் பதிவு செய்துள்ளது. இறுதியில் அந்த எண்ணையே ரத்துச் செய்துவிட்டு, செயலாளருக்கு வேறு எண் கொடுக்க நேர்ந்தது. இங்கே திருடும் எண்ணம் பெரும்பாலோரிடம் இருந்திருக்காது. ஆயினும் எண்ணை மட்டும் பார்த்துப் பதிவு செய்யும் முறை எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மாகிமில் ஓர் இரவு

தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அண்மையில் உள்ள மாகிம் பகுதியில் வாழ்ந்த ஜவுளி வணிகர் ஒருவருக்கு நேர்ந்த இழப்பு 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தித்தாள்களில் பரவலாக வெளிவந்தது. 2018 டிசம்பர் 27ஆம் நாள் இரவு அவருடைய கைபேசிக்கு ஆறு அழைப்புகள் வந்து, எடுக்கப்படாமல் போயின. மறுநாள் காலை அவருடைய சிம் அட்டை செயலற்றுக் கிடந்தது. விசாரித்தபோது, அவர் பெயரிலேயே புதிய சிம் அட்டைக்கு வேண்டுகோள் விடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவ்விரவில் 28 பரிமாற்றங்கள் மூலம் அவருடைய நிறுவனக் கணக்கிலிருந்து 1 கோடியே 86 லட்சம் ரூபாய் வெளியேறியிருந்தது. சுமார் 20 லட்சம் ரூபாய் மட்டுமே மீட்கப்பட்டதாகச் செய்திகள் கூறின.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. கைபேசியைத் தொலைத்தவர் அதே எண்ணுக்குப் புதிய சிம் அட்டை பெறலாம். இது நியாயமான வசதி. புதிய அட்டை உயிர்பெற்றதும் பழையது செயலற்றுவிடும். குற்றவாளி உரியவரின் பெயர், முகவரி, அடையாள ஆவணத்தின் நகல் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, தாமே உரியவர் என நடித்து இந்த வசதியைப் பயன்படுத்துகிறான். அதன்பின் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவுச்சொல் குற்றவாளியின் கைக்கே போய்ச் சேர்கிறது. வங்கிக் கணக்கின் பிற விவரங்களையும் அவன் முன்னரே பெற்றிருந்தால், கணக்கின் கதவு திறந்துவிடுகிறது.

இத்தகைய மோசடியைத் தடுக்க அரசும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் சில நடவடிக்கைகளை எடுத்துள்ளன. சிம் அட்டை மாற்றப்பட்ட 7 நாட்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற இயலாது என்னும் விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஆள்மாறாட்டத்தால் சிம் அட்டை பெறுபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்க வகை செய்கிறது. பயனாளர் தரப்பில் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்று உண்டு: காரணமின்றிக் கைபேசியில் இணைப்பு அற்றுப்போனால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், உடனே வேறொரு தொலைபேசியிலிருந்து சேவை நிறுவனத்தையும் வங்கியையும் தொடர்புகொள்ள வேண்டும்.

பெயர், சாவி, உடற்கூறு

நம்மிடம் உள்ள அடையாளக் கூறுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் எதனை எவ்வாறு காப்பது என்பது தெளிவாகும்.

முதல் வகை, நம்மைச் சுட்டும் எண்கள். 12 இலக்க ஆதார் எண், 10 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட பான் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவை இதில் அடங்கும். இவை பெயரைப் போன்றவை. பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், வாடகை வீடு எனப் பல இடங்களில் இவற்றைக் கொடுத்தே தீர வேண்டியிருப்பதால், இவற்றை முற்றிலும் மறைத்து வைத்தல் இயலாது. தேவையின்றிப் பரப்பாமல் இருத்தலே இங்கு நாம் செய்யத்தக்கது. ஆதாரைப் பொறுத்தவரை இதற்கு வசதிகள் உண்டு. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். 2018இல் அறிமுகமான 16 இலக்க மெய்நிகர் அடையாள எண்ணை ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தரலாம். வேண்டும்போது அதனை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இரண்டாம் வகை, நாமே நாம் என்று மெய்ப்பிக்கும் இரகசியங்கள். கடவுச்சொல், பணம் எடுக்கும் அட்டையின் பின் எண், ஓ.டி.பி. ஆகியவை இவ்வகை. இவை சாவியைப் போன்றவை. வங்கி அதிகாரியாயினும், வரித்துறை அலுவலராயினும், காவல்துறையினராயினும் இவற்றைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. கேட்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், கேட்ட அக்கணத்திலேயே அவரை ஐயுற வேண்டும். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. பணம் செலுத்துவதற்கு மட்டுமே அது தேவை. இந்த ஒரு விதியை அறிந்தவரை, பணம் அனுப்புகிறோம் என்று கூறிப் பின் எண்ணைப் பதியச் சொல்லும் மோசடிக்காரர் ஏமாற்ற முடியாது.

மூன்றாம் வகை உடற்கூறு. கைரேகையும் விழித்திரைப் படலமும் நம்மோடு பிறந்தவை. அவற்றை யாரும் கடன் வாங்க முடியாது என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை முழுவதும் சரியன்று. 2018இல் தெலங்கானா மாநிலத்தின் பெத்தபள்ளி மாவட்டத்தில், நிலப் பத்திரங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளைப் பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ரப்பர் முத்திரை செய்வது போன்ற முறையால் போலி ரேகைகள் தயாரித்து, சிம் அட்டைகளை இயக்கிய வழக்கு பதிவாயிற்று. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்ற முடியாது. ஆகவே இதற்குப் பூட்டுப் போடும் வசதியைத் தனித்துவ அடையாள ஆணையம் ஏற்படுத்தியுள்ளது. ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ உடற்கூறு விவரங்களைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். நம் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்னும் கடந்த 6 மாதப் பட்டியலையும் அங்கே காணலாம். ஐயம் எழுந்தால் 1947 என்னும் எண்ணில் ஆணையத்தை அழைக்கலாம்.

தமிழ்ப் பெயரும் மும்பைப் படிவமும்

மும்பைத் தமிழர்க்கு இவ்விஷயத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழ் மரபில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். மராட்டிய மாநிலத்திலோ தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்னும் மூன்றும் வேண்டும். சுப்பையா என்பவரின் மகன் முருகேசன் என்று கொள்வோம். ஊரில் பெற்ற பள்ளிச் சான்றிதழில் அவர் எஸ். முருகேசன். பான் அட்டையில் முதலெழுத்தை விரித்தெழுத வேண்டியிருப்பதால் சுப்பையா முருகேசன் அல்லது முருகேசன் சுப்பையா. குடும்ப அட்டையில் ஊர்ப் பெயரோ சாதிப் பெயரோ ஒட்டிக்கொண்டு வேறொரு வடிவம் பெற்றிருக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலும் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறியிருக்கும். தனிநபரின் பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்தாகும். எதனைக் குடும்பப் பெயராகக் கொண்டார் என்பதைப் பொறுத்து அதுவும் வேறுபடும்.

இவ்வேறுபாடுகளால் இரு தீமைகள் விளைகின்றன. ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறியிருப்பது வழக்கமாகிவிட்டதால், பெயர் ஒவ்வாமையைக் கண்டும் காணாமல் விடுவது அலுவலர்களுக்கும் பழக்கமாகிவிடுகிறது. போலி ஆவணத்தோடு வருபவனுக்கு அது வசதியாகிறது. பின்னர் உண்மையான உரியவர் முறையிட வரும்போது, அதே ஒவ்வாமை அவருக்கு எதிராகத் திரும்புகிறது. இந்தப் பெயர் உங்களுடையதுதானா என்று அவரிடமே கேட்கின்றனர். கடன் தகவல் நிறுவனங்களின் ஏடுகளில் ஒத்த பெயருடைய இருவரின் கணக்குகள் ஒன்றாகக் கலந்துவிடுதலும் உண்டு.

தாராவி போன்ற பகுதியில் இச்சிக்கலின் எடை மேலும் கூடுகிறது. குடிசைவாழ் மக்களின் மறுவாழ்வுத் திட்டங்களில் 2000 ஜனவரி 1 என்னும் நாள் தகுதியின் எல்லைக்கோடுகளில் ஒன்றாக இருப்பதால், அந்நாளுக்கு முன்பே அங்கு வாழ்ந்ததை ஆவணங்களே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒருவரின் பழைய மின்கட்டண ரசீதும் குடும்ப அட்டையும் வீட்டுக்கு ஒப்பான மதிப்புடையவை. அவை பிறர் கையில் சிக்குவதும், பெயர் மாறி நிற்பதும் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே பாதிக்கக்கூடும். எனவே ஆதார், பான், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு ஆகிய நான்கிலும் பெயரும் பிறந்த நாளும் ஒரே வடிவில் இருக்குமாறு திருத்திக்கொள்வது தற்காப்பின் முதற்படி. தேவைப்படின் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு, அதன் படியைப் பாதுகாத்து வைத்தல் நலம்.

நகல்களின் பயணம்

ஜெராக்ஸ் கடையில் எடுத்த நகல் ஒன்று எத்தனை கைகளைக் கடந்து செல்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விடுதியில் தங்கும்போதும், வீடு வாடகைக்கு எடுக்கும்போதும், சிம் அட்டை வாங்கும்போதும் கொடுத்த நகல்கள் பின்னர் என்னவாகின்றன? 2022 மே மாதத்தில் தனித்துவ அடையாள ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்க வேண்டாம் என்று அறிவிப்பு வெளியிட்டது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று கூறி அரசு இரு நாட்களில் அதனைத் திரும்பப் பெற்று, வழக்கமான முன்னெச்சரிக்கை போதும் என்று விளக்கியது.

அந்த வழக்கமான முன்னெச்சரிக்கை யாது? நகலின் குறுக்கே எந்த நிறுவனத்துக்கு, எந்த நோக்கத்துக்காக, எந்த நாளில் கொடுக்கிறோம் என்பதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். படத்தின் மீதும் எண்ணின் மீதும் படாமல், ஆனால் வெட்டி நீக்க முடியாதவாறு எழுதுதல் வேண்டும். கடைக்காரரின் கணினிக்கோ கைபேசிக்கோ ஆவணத்தை அனுப்பி அச்செடுத்தால், பணி முடிந்ததும் அதனை நீக்கச் செய்து, நீக்கியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பழுதான நகல்களைக் கிழித்தெறிதல் வேண்டும்.

பெற்றுக்கொள்ளும் தரப்பின் கடமை இதனினும் பெரிது. 2025 அக்டோபரில் மும்பைக் காவல்துறை வெர்சோவா பகுதியில் ஒருவரைக் கைது செய்தது. அவர் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி என்று தம்மைக் கூறிக்கொண்டார் என்றும், அந்நிலையத்தின் பெயரால் தயாரிக்கப்பட்ட போலி அடையாள அட்டைகளும் போலிக் கடவுச்சீட்டுகளும் ஆதார், பான் அட்டைகளும் அவரிடம் கைப்பற்றப்பட்டன என்றும் காவல்துறை தெரிவித்தது. அவ்வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் அட்டையின் தோற்றத்தை மட்டும் பார்த்து நம்புவது போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அச்சிட்ட ஆதாரிலுள்ள கியூஆர் குறியீட்டைப் பொறியால் படித்துச் சரிபார்க்க முடியும். நகலை வாங்கிக் கோப்பில் வைப்பதைவிட இந்தச் சில விநாடிச் சோதனை மேலானது.

அச்சமும் அவசரமும்

கதவை உடைக்க முடியாத திருடன், உள்ளிருப்பவரே கதவைத் திறக்கும்படி செய்கிறான். கணக்கு முடக்கப்படும், மின் இணைப்பு துண்டிக்கப்படும், உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது என்றெல்லாம் வரும் தொலைபேசி அழைப்புகள் இத்தகையவை. காவல் சீருடையில் காணொளியில் தோன்றி, உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்துள்ளோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடி பற்றிப் பிரதமர் 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் எச்சரித்தார். அவ்வகைக் கைது எதுவும் நம் சட்டத்தில் இல்லை. இங்கே அடையாளம் இருமுறை களவாடப்படுகிறது: மோசடிக்காரன் காவல் அதிகாரியின் அடையாளத்தை முதலில் அணிந்துகொள்கிறான்; பின்னர் நம்முடைய அடையாளக் கூறுகளைக் கவர்கிறான்.

ஓய்வுபெற்றவர்கள் மீது இவர்களுக்குத் தனிக் கண் உண்டு. பணிக்கொடையும் சேமநல நிதியும் ஒருசேரக் கணக்கில் கிடக்கும் காலம் அது. வாழ்நாள் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூறி, பணியில் சேர்ந்த நாள், ஓய்வுபெற்ற நாள், ஓய்வூதிய ஆணை எண் ஆகியவற்றைத் தாங்களே ஒப்பித்து நம்பவைத்து, இறுதியில் ஓ.டி.பி.யைக் கேட்பது அறியப்பட்ட முறை. நம்மைப் பற்றிய விவரங்களை அறிந்திருப்பதனாலேயே அழைப்பவர் அலுவலர் ஆகிவிடமாட்டார். அழைப்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்திலோ அலுவலகக் கடிதத்திலோ அச்சிட்டுள்ள எண்ணில் நாமே அழைத்துக் கேட்பதே பாதுகாப்பான வழி. இணையத்தில் தேடிக் கிடைக்கும் உதவி எண்கள் போலியாக இருக்கக்கூடும்.

ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய சோதனை

வீட்டுக் கணக்கைச் சரிபார்ப்பது போல, தம் பெயரின் கணக்கையும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் சரிபார்த்தல் வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

1. ரிசர்வ் வங்கியின் 2016ஆம் ஆண்டு ஆணைப்படி, நாட்டிலுள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். தாம் வாங்காத கடன் எதுவும் தம் பெயரில் உள்ளதா என்பதை அது காட்டிவிடும். முறையீட்டை 30 நாட்களுக்குள் தீர்க்காவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரல் முதல் செயற்பட்டது.

2. வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தம் பான் எண்ணின் கீழ்ப் பதிவான வட்டி, முதலீடு, பரிமாற்றம் ஆகியவை தெரியும். சரக்கு மற்றும் சேவை வரியின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடினால், அதன் பேரில் நிறுவனம் ஏதேனும் பதிவாகியுள்ளதா என்பதை அறியலாம்.

3. தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தில், தம் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் உள்ளன என்பதைக் காணலாம். ஒருவருக்கு 9 இணைப்புகள் வரை அனுமதி உண்டு. ஜம்மு-காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. தமதல்லாத எண் பட்டியலில் இருந்தால் அங்கேயே தெரிவித்துத் துண்டிக்கச் செய்யலாம்.

இழப்பு நேர்ந்தபின்

பணம் களவுபோனது தெரிந்தால் முதலில் அழைக்க வேண்டியது 1930 என்னும் எண். 2021இல் ஏற்பட்ட இந்த ஏற்பாடு, வங்கிகளையும் காவல்துறையையும் ஒரே வலையில் இணைக்கிறது. களவுபோன பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதனை நிறுத்திவைப்பது இதன் நோக்கம். பணம் ரொக்கமாக வெளியேறிவிட்டால் மீட்பது அரிது; ஆதலால் முதல் மணிநேரம் மிகவும் மதிப்பு வாய்ந்தது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் முறையிடலாம். எல்லை எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்க இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது.

அடுத்து வங்கி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்தது. வங்கியின் குறைபாட்டால் நேர்ந்த இழப்புக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்லர். வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பில்லை. 4 முதல் 7 நாட்களுக்குள் தெரிவித்தால் வரம்புக்குட்பட்ட தொகை மட்டுமே அவருடையது. வாடிக்கையாளரே ஓ.டி.பி.யைக் கொடுத்திருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியையே சாரும். வெட்கத்தால் வாய்மூடி இருப்பவர் தம் உரிமையை மணிக்கு மணி இழக்கிறார். தெரிவித்த நாள், நேரம், முறையீட்டு எண் ஆகியவற்றைக் குறித்து வைப்பதும், வங்கியின் நடப்பு விதியை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதும் இன்றியமையாதவை.

மாணவரும் அலுவலரும்

மாணவர்கள் இக்குற்றத்தில் இழப்பவர்களாக மட்டுமன்றி, அறியாமலே உதவியவர்களாகவும் சிக்கிக்கொள்ளக் காண்கிறோம். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் வங்கிக் கணக்கையோ சிம் அட்டையையோ பிறர் பயன்படுத்தக் கொடுப்பவர், களவுப் பணம் கடந்துசெல்லும் பாலமாகிறார். பணம் போனவர் எங்கோ இருப்பார். காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரிய மாணவரின் வீட்டு வாயிலில். தம் அடையாளத்தைத் தாமே வாடகைக்கு விட்டவர், அது களவுபோயிற்று என்று பின்னர் வாதிடுவது கடினம்.

அலுவலர்களின் பொறுப்பைப் பொருளாதார நோக்கில் காண்பது பயனுடையது. விவரங்களைத் திரட்டும் நிறுவனத்துக்குத் திரட்டுவதால் பயன் உண்டு. அவை கசிந்தால் நேரும் இழப்போ குடிமகனுடையது. செலவு தன்னுடையதல்லாதபோது எச்சரிக்கை குறைவது இயல்பு. இந்நிலையைச் சீர்செய்யும் முயற்சியே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தேவையான விவரத்தை மட்டும், தேவையான நோக்கத்துக்கு மட்டும் பெற வேண்டும் என்றும், தக்க பாதுகாப்பின்றிக் கசிவு நேர்ந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றும் அது கூறுகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன.

சட்டம் முழுமையாகச் செயற்படும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பயனாளிகளின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது முழு ஆதார் எண்ணை வெளியிடாதிருத்தல், வேண்டாத நகல்களைக் கேளாதிருத்தல், கோப்பு முடிந்ததும் நகல்களை முறைப்படி அழித்தல், முறையிட வருபவரைக் குற்றவாளியைப் போல் நடத்தாதிருத்தல் ஆகியவற்றுக்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை. கிராமத்து வங்கிக் கிளையில் முதியோர் ஓய்வூதியம் பெறும் ஒரு மூதாட்டிக்கு மெய்நிகர் எண்ணும் உடற்கூறுப் பூட்டும் எளிதில் விளங்கிவிடா. அவர் தம் எண்ணைக் காத்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பதைவிட, எண்ணை மட்டும் கொண்டு எவரும் அவராகிவிட முடியாதவாறு அலுவலகங்கள் நடந்துகொள்வதே நியாயம். சேமிப்பும் நலத்திட்டப் பயனும் உரியவரைச் சென்றடைவது, ஆளை அறிந்து பொருளைக் கொடுக்கும் அந்தப் பொறுப்புணர்ச்சியைப் பொறுத்ததேயாகும்.